கணக்குக் கொடுத்தவருக்கே காசு

அமெரிக்காவில் குறைந்த கூலிக்கு உழைக்கும் குடும்பங்களுக்கு அரசு தரும் பெரிய பண உதவிகளில் ஒன்று, உதவி என்ற பெயரில் வருவதில்லை. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தபின், ஆண்டுக்கு ஒருமுறை ரீஃபண்டாக வருகிறது. செனட்டர் ரஸ்ஸல் லாங்கின் முயற்சியால் 1975-இல் சட்டமான உழைப்பு வருமான வரிச்சலுகைதான் அது. கட்டவேண்டிய வரியைவிடச் சலுகை கூடுதலாக இருந்தால், மிச்சம் ரொக்கமாகக் கைக்கு வரும். தொடக்கத்தில் அதன் உச்சவரம்பு 400 டாலர். 2023-ஆம் வரியாண்டில், மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள குடும்பத்துக்கு 7,430 டாலர்.

இந்த வழிக்கு ஒரு நியாயம் உண்டு. அதை லேசில் ஒதுக்கிவிட முடியாது. நலத்துறை அலுவலகத்தில் வரிசையில் நின்று, வீட்டுக் கஷ்டத்தை ஒவ்வொன்றாக ஒப்பித்து, எதிரே இருப்பவரின் முகம் சுளிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மருத்துவர் நிரப்பும் அதே படிவத்தைத்தான் ஓட்டலில் பாத்திரம் கழுவுபவரும் நிரப்புகிறார். மொத்தமாக வரும் பணத்தில் பழைய கடனை அடைக்கலாம், காரைப் பழுதுபார்க்கலாம். பேருந்து ஓடாத ஊரில் கார் நின்றால் வேலையும் நின்றுவிடும்.

படிவம் ஒன்றுதான். ஆனால் மருத்துவருக்கு அதை நிரப்பித் தர ஆள் இருக்கிறார். ஏழையின் கணக்கோ பல சமயம் மருத்துவரின் கணக்கைவிடச் சிக்கலானது. பிள்ளை ஆண்டில் பாதிக்கு மேல் யார் வீட்டில் இருந்தது? அப்பாவும் அம்மாவும் பிரிந்திருந்து, பாட்டி வளர்த்தால் யார் கோருவது? பயந்துபோய்ப் பலர் காசு கொடுத்துப் படிவம் நிரப்பித் தரும் கடைகளுக்குப் போகிறார்கள். அரசு கொடுத்ததில் ஒரு பங்கு அங்கேயே கழிந்துவிடுகிறது. தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சலுகையைக் கோருவதே இல்லை. வருமானம் மிகக் குறைவு என்பதால் கணக்குத் தாக்கல் செய்யும் கடமையே இல்லாதவர்களும் அவர்களில் உண்டு.

சம்பள விவரத்தை முதலாளி ஏற்கெனவே வரித்துறைக்கு அனுப்பிவிடுகிறார். விவரம் கையில் உள்ளவர் பேசாமலிருக்க, விவரம் புரியாதவர் கேட்டுப் பெறவேண்டும் என்ற ஏற்பாடு முறையானதல்ல. பிள்ளை யார் வீட்டில் உறங்குகிறது என்பது வரித்துறைக்குத் தெரியாது என்பார்கள். உண்மைதான், அதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் சொன்னதில் தவறு வந்தால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதுதான் அறக்கேள்வி.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவியை வரித்துறைதான் வழங்கியது. சின்னத் தவறுக்கும் கொடுத்த தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் பிரதமர் ரூட்டேயின் அமைச்சரவை அதற்காகவே பதவி விலகியது. அமெரிக்காவில், கறுப்பின மக்களின் கணக்குகள் மற்றவர்களுடையதைவிட அதிகமாகத் தணிக்கைக்கு உள்ளாவதை 2023-இல் வரித்துறை ஆணையர் டேனி வெர்ஃபெலே ஒப்புக்கொண்டார். அதற்கு முக்கியக் காரணம் இந்தச் சலுகையைக் கோருவோர்மீது நடக்கும் தணிக்கை. வசூலிக்கப் பழகிய கை, கொடுக்கும்போதும் சந்தேகத்தோடுதான் கொடுக்கிறது.

வாடகை மாதாமாதம் வருகிறது, பணம் ஏன் ஆண்டுக்கு ஒருமுறை வரவேண்டும் என்று கேட்கலாம். சலுகையின் ஒரு பகுதியைச் சம்பளத்தோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளும் வசதி 2010 வரை இருந்தது; மிகச் சிலரே அதைப் பயன்படுத்தினார்கள். இதைக் காட்டி, ஏழைகளுக்கு மொத்தமாக வருவதே பிடிக்கும் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கணக்குப் பிசகினால் ஆண்டு முடிவில் திருப்பிக் கட்ட நேரும் என்ற அச்சத்தோடு யார் முன்பணம் வாங்குவார்?

2021 ஜூலை முதல் டிசம்பர் வரை குழந்தைகளுக்கான வரிச்சலுகையில் பாதியை, பிள்ளைக்கு 300 டாலர் வரை, அரசு மாதாமாதம் அனுப்பியது. துணை வறுமை அளவுகோலின்படி குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 சதவீதமாக இறங்கியது. திட்டம் நின்ற மறு ஆண்டில் 12.4 ஆனது. மாதத் தவணை மட்டுமே அதற்குக் காரணமல்ல. தொகை கூடியிருந்தது, வருமானமே இல்லாதவர்களுக்கும் முழுமையாகக் கிடைத்தது. என்றாலும், வரித்துறையால் மாதாமாதம் பணம் அனுப்ப முடியாது என்ற பேச்சு அத்தோடு எடுபடாமல் போயிற்று.

கனடா 2016 முதல் வேறு வழியில் போகிறது. கடந்த ஆண்டுக் கணக்கை வைத்துக் குழந்தை உதவித்தொகையை நிர்ணயித்து மாதாமாதம் தருகிறது. இந்த ஆண்டு வருமானம் உயர்ந்தால் அடுத்த ஜூலையிலிருந்து தொகை குறையுமே தவிர, அந்த உயர்வுக்காகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில்லை. படிவம் இருக்கிறது, பயம் குறைவு. ஆனால் அங்கும் கணக்குத் தாக்கல் செய்யாதவருக்குப் பணம் இல்லை. அதனால் 2018-இல் கனடா வரித்துறை, குறைந்த வருமானமுள்ள சிலருக்குத் தானே கடிதம் அனுப்பி, தொலைபேசியில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னாலே கணக்கு முடியும்படி செய்யத் தொடங்கியது.