யார் தலைக் கடன்?

தலைக்கூத்தல் என்றால் என்னவென்று விருதுநகர் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் மேல் இளநீராகக் கொடுத்து, படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பெற்ற பிள்ளைகளே அனுப்பிவைப்பது. பெற்றவரைத் தெய்வம் என்று சொல்லி வளர்ந்த மண்ணில் இது எப்படி நடந்தது? பாசம் வற்றிவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். பெற்றோரைப் பேணும் கடனை நம் அறம் முழுக்க ஒரே வீட்டின் தலையில் இறக்கிவிட்டதுதான் காரணம் என்பேன். நாலு பிள்ளைகள் தோள்மாற்றித் தூக்கிய பாரம் அது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். இதே மாவட்டத்துத் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற மகளுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. அம்மாவுக்குத் துணி மாற்ற மிஷினை விட்டு எழுந்தால் அந்த நேரத்துக் காசு போயிற்று. எதைக் கொண்டு அடைப்பாள் இந்தக் கடனை?

'அது கருணை, கிடந்து சீரழியாமல் அனுப்புகிறோம்' என்பார்கள். கிடப்பவரைப் பார்ப்பவர் படும் பாடு சாமானியமல்ல, ஒப்புக்கொள்கிறேன். உணவை விட்டு வடக்கிருந்து உயிர்விட்டவர்களையும் சிலர் சான்றுக்கு இழுப்பார்கள். வடக்கிருந்தவர் தானே முடிவெடுத்து உட்கார்ந்தார். ஆனால் 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தனக்கு நடக்கப்போவது தெரிந்ததும் உறவினர் வீட்டுக்குத் தப்பி ஓடினார். 'என்னை அனுப்பிடுங்கப்பா' என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டால்கூட, தன் மருந்துச் செலவு பேரனின் பள்ளிக் கட்டணத்தைத் தின்பதைப் பார்த்துக்கொண்டே கேட்பது அது. அதை விருப்பம் என்று ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. கைவிட்ட பணக்காரப் பிள்ளைக்கு அது சரி. தையல் கூலி வீட்டில் பாரம் மறுபடி அதே தலையில்தான் ஏறுகிறது. 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாய் ஆனது. எழுபத்தொன்பது வயது வரை அதில் ஒன்றிய அரசின் பங்கு 2007இலிருந்து 200 ரூபாயைத் தாண்டவில்லை. அரசு கொடுத்தால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள் என்ற பயம் உண்டு. ஆனால் தென்னாப்பிரிக்காவில் பாட்டிமார் ஓய்வூதியம் வாங்கிய வீடுகளில் பேத்திகள் நன்றாக வளர்ந்ததைப் பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்லோ 2003இல் காட்டினார். கையில் காசுள்ள பாட்டி அதைப் பேத்தியின் தட்டில்தான் வைக்கிறாள். காசு மட்டும் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்காது என்பதும் உண்மை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மருந்தையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. பகலில் நாலு மணி நேரம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள, ஊர்ப் பொதுப் பணத்தில் சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணும் வரவேண்டும். அந்த நாலு மணி நேரமும் மகளின் மிஷின் ஓடும்.