முட்டைதானே!

தைப்பூச விரதம் முடிந்த மறுநாள் காலை. நண்பன் முட்டை ரொட்டி கேட்டான். “கோழிக்கறி இன்னும் வேணாம்டா. முட்டைதானே, இதுல உயிரா போகுது?” நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாட்டி வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டு கம்பத்துக் கோழிகள் வளர்த்தார். பொரித்த குஞ்சுகளில் பெட்டையும் சேவலும் சேர்ந்தே வளரும். நாலைந்து மாதம் கழித்துச் சேவலை அறுப்பார்கள். அன்று பாட்டி சாப்பிடமாட்டார். “நான் தீனி போட்டு வளர்த்தது, எறங்க மாட்டேங்குதுப்பா” என்பார்.

கடை முட்டையின் கதை வேறு. முட்டைக்கென்றே உருவாக்கிய இனத்துப் பெட்டை ஆண்டுக்கு ஏறக்குறைய 300 முட்டை இடும். அதன் அண்ணன் தம்பிகள் முட்டையிடா, சதையும் அவ்வளவாகப் பிடிக்காது. தீனி போட்டு வளர்ப்பது நட்டம் என்பதால், உலகின் பெரும்பாலான குஞ்சு பொரிப்பகங்களில் அவற்றைப் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 முதல் இதைச் சட்டப்படி தடை செய்திருக்கிறது.

தண்ணீர்மலையில் நாம் கும்பிடும் முருகனின் கொடியில் இருப்பதும் சேவல்தானே?

வாங்குபவர் இருப்பதால்தான் விற்பவர் இருக்கிறார் என்பதை வள்ளுவர் புலால் மறுத்தலிலேயே உணர்த்திவிட்டார். அது முட்டைக்கும் பொருந்தும்.

முட்டையை நான் இன்னும் முழுதாக விடவில்லை. சேவல் குஞ்சையும் வளர்ப்பவரிடம் வாங்குகிறேன். விலை அதிகம், அதனால் குறைவாகச் சாப்பிடுகிறேன். அந்தச் சேவலும் ஒருநாள் அறுபடும் என்று தெரியும். “உயிரா போகுது?” என்று மட்டும் இனி என்னால் கேட்க முடியாது.