பொய்யா, மெய்யா?

வார்சா நகரில் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. அறையில் பெட்டியை வைத்ததும் பழைய நகரைப் பார்க்கப் புறப்பட்டேன். 'எவ்வளவு தொன்மை!' என்று வியந்தேன். பிறகுதான் அறிந்தேன். 1944-ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பழிவாங்க நாஜிகள் அந்நகரை இடித்துத் தள்ளினர். போருக்குப் பின், பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ தீட்டிய ஓவியங்களையும் துணைகொண்டு மக்கள் அதை மீண்டும் எழுப்பினர்.

ஏமாந்துவிட்டேனோ என்று மனம் சுருங்கியது. நகல் பொய்தானே? நாள்தோறும் அத்தெருவில் ரொட்டி வாங்கி, சன்னலில் பூந்தொட்டிக்கு நீர் ஊற்றுவோரைக் கண்டு பழகியபின் எண்ணம் மாறியது. பிறரை ஏமாற்றச் செய்வதே பொய். இழந்ததை மறக்க மனமின்றிச் செய்வது பொய் ஆகாது. ஆனால், இடிந்த கதையையும் சொல்லவேண்டும். அதை மறைத்தால், அன்றே அந்த அழகு பொய்யாகிவிடும்.