மணவுரிமையும் உயிரின் இயல்பும்

ஆண், பெண் என்னும் வேறுபாடு உயிரைப் பற்றியதோ, உடம்பைப் பற்றியதோ எனின், உடம்பைப் பற்றியதே என்பது சைவசித்தாந்தத் துணிபு. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் வினைக்கீடாக இறைவனால் உயிர்கட்குக் கூட்டப்படுவன. கூட்டப்பட்ட உடம்பின் குறியை உயிரின் இயல்பெனக் கொள்ளுதல் பொருந்தாது. இவ்வுண்மை ஏட்டளவில் நில்லாது உலகியலிலும் வழங்குமோ என்பதை இந்நாளைய மணவுரிமை வழக்குகள் உரைத்துக் காட்டுகின்றன.

2018 அக்டோபர் 31-இல், தூத்துக்குடிச் சங்கரராமேசுவரர் திருக்கோயிலில் ஓர் ஆடவரும் ஒரு திருநங்கையும் மணம் புரிந்தனர். பதிவாளர் அம்மணத்தைப் பதிய மறுத்தார். 2019 ஏப்ரல் 22-இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்திலுள்ள 'மணமகள்' என்னுஞ் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்து, பதிவு செய்யுமாறு பணித்தார்.

தன்பாலின இணையர்க்கோ அவ்வாயில் திறந்திலது. 2023 அக்டோபர் 17-இல் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, மணம் புரிதல் அடிப்படை உரிமையன்றென்றும், அவர்க்கு மணவுரிமை அளித்தல் சட்டமன்றங்களின் பாலதென்றும் கூறிற்று. 2025 மே திங்களில் சென்னை உயர்நீதிமன்றம், மணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்றது. ஆயினும் குடும்பம் என்னும் பெயர் கிடைத்த அளவிலே உரிமைகள் வந்து சேர்வதில்லை. தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ இருபெண்டிர் பல்லாண்டு ஒருமனத்தராய் ஓரில்லில் வாழ்ந்தனர் என வைத்துக்கொள்க. வீட்டைத் தன் பெயரில் உடையவர் உயில் எழுதாது இறப்பின், அவ்வீடு 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பிறந்த வீட்டார்க்கே செல்லும். நோயில் உடனிருந்து ஓம்பியவர் வாயிலில் நிற்பர்.

மக்கட்பேறே மணத்தின் பயன். அஃதில்வழி மணம் யாங்ஙனம் எனின், அற்றன்று. தில்லையில் வாழ்ந்த திருநீலகண்ட நாயனாரும் அவர்தம் மனைவியாரும் இளமை தொட்டு முதுமைகாறும் ஒருவரையொருவர் தீண்டாது ஓரில்லில் உறைந்தனர். அவரது இல்லறம் அதனால் அழிந்ததென்பார் யாருமிலர். நாயனார் வரலாறு தன்பாலின மணத்தை விதித்தது என்பது ஈண்டுக் கருத்தன்று. மெய்யுறுதலும் மகப்பேறும் இல்லாதவழியும் இல்லறம் நிலைபெறும் என்பதே கருத்து.

மரபுச் சடங்கு கெடுமே எனின், அதுவும் பொருந்தாது. புரோகிதரின்றி நிகழும் சுயமரியாதைத் திருமணங்கள் செல்லுமெனத் தமிழ்நாட்டரசு 1967-இல் சட்டம் செய்தது. அதனால் சைவர்தம் மணவினை சிறிதும் குறைந்திலது. ஒருவர்க்கு உரிமை அளித்தல் பிறிதொருவர் சடங்கைப் பறித்தலாகாது.

உடம்பே யான் என மயங்குதல் ஆணவ மறைப்பின் செயல் என்று நாடோறும் ஓதுவோர், பிறரை அவர்தம் உடம்பளவில் நிறுத்தி உரிமை மறுத்தல் தம் கொள்கைக்குத் தாமே மாறாதலாம். சட்டம் செய்தல் அரசின் கடன். அடாதன கூறித் தடுத்து நில்லாமை மெய்யன்பர் கடன் என்க.