பிடித்து வைத்தால் பிள்ளையார்!

ஆவணி பிறந்துவிட்டால் வரிசையாகப் பண்டிகைகள்தான். கோகுலாஷ்டமி, பிள்ளையார் சதுர்த்தி, பின்னாலேயே நவராத்திரி, தீபாவளி, திருக்கார்த்திகை... வீட்டில் எத்தனை பரபரப்போ, அதே பரபரப்பு ப்ளே ஸ்கூல்களிலும்! அப்பார்ட்மென்ட்டில் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து நடத்துகிற விளையாட்டுக் குழுக்களிலும் இதே கதைதான்.

இரண்டு, இரண்டரை வயது வாண்டுகளுக்குப் பண்டிகையைச் சொல்லித் தரவேண்டும். வாயால் சொன்னால் புரிகிற வயதா அது? தொட்டு, பிசைந்து, உருட்டி, ஒட்டித்தான் கற்றுக்கொள்ளும். அதனால் களிமண், வண்ணக் காகிதம், அரிசி மாவு என்று ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் சேகரிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், இந்தத் தயாரிப்புக்குள் ஒரு தர்மசங்கடம் ஒளிந்திருக்கிறது.

குழந்தையிடம் களிமண்ணைக் கொடுத்து, ‘பிள்ளையார் பண்ணு’ என்கிறோம். அது உருட்டுகிறது, நசுக்குகிறது, விரலால் ஓட்டை போடுகிறது. கடைசியில் நிற்பது ஓர் உருண்டை. தும்பிக்கையும் இல்லை, தொப்பையும் இல்லை. மாலையில் பெற்றோர் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். என்ன செய்கிறோம்? குழந்தைகள் போன பிறகு அந்த உருண்டையை எடுத்து, தும்பிக்கை வைத்து, காது ஒட்டி, அழகாக்கி, அதன் கீழே குழந்தையின் பெயரை எழுதி வைக்கிறோம். பிறகு, ‘எவ்வளவு அழகா பண்ணியிருக்கே, பார்!’ என்று அந்தக் குழந்தையிடமே காட்டுகிறோம்.

இது சரியா? ‘குழந்தை சந்தோஷப்படத்தானே செய்தோம், இதில் என்ன தப்பு?’ என்று கேட்பீர்கள். ‘அதுவும் சுவாமி விக்கிரகம், லட்சணமாக இருக்கவேண்டாமா?’ என்றும் கேட்பீர்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லட்சணம் வேண்டாமா?

கோயிலில் பிரதிஷ்டை செய்யும் மூர்த்திக்குச் சிற்ப சாஸ்திரம் அளவு சொல்கிறது. முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் ஸ்தபதி உளியைத் தொடுகிறார். அங்கே லட்சணம் அவசியம். பல தலைமுறைகள் வந்து வணங்கப்போகிற வடிவம் அல்லவா அது!

ஆனால், நம் வீட்டுப் பூஜையை நினைத்துப் பாருங்கள். கல்யாணமோ, கிரகப்பிரவேசமோ, எந்தச் சுபகாரியமானாலும் முதலில் என்ன செய்கிறோம்? கொஞ்சம் மஞ்சள்பொடியைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு பிடி பிடித்து வைக்கிறோம். அதற்குக் கண் உண்டா? தும்பிக்கை உண்டா? தலையில் ஒரு அருகம்புல்லைச் செருகி, ‘இதில் வந்து எழுந்தருளப்பா’ என்று அழைக்கிறோம். முழுமுதற் கடவுள் மறுப்பு சொல்லாமல் வந்து அமர்கிறார். மார்கழி வாசலில் சாணத்தைப் பிடித்து வைத்து, பூசணிப் பூவைச் சூட்டினாலும் அவர்தான். அதனால்தான் நம் பெரியவர்கள், ‘பிடித்து வைத்தால் பிள்ளையார்’ என்றார்கள்.

அப்படியானால், இரண்டு வயதுக் குழந்தை பிடித்து வைத்த களிமண் உருண்டையில் மட்டும் அவர் வரமாட்டாரா? மஞ்சள் பிள்ளையாரைவிட அது எந்த விதத்தில் குறைந்தது? லட்சணம் போதவில்லை என்று நாம்தான் நினைக்கிறோம். நினைக்க வைப்பது பக்தி அல்ல. ‘மற்ற அம்மாக்கள் என்ன சொல்வார்களோ’ என்ற கவலை!

குழந்தை நம்பிவிடும்!

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கிறது திருநாரையூர். பொள்ளாப் பிள்ளையார் அருளும் தலம். உளி கொண்டு பொள்ளாத, அதாவது செதுக்காத, சுயம்புவான பிள்ளையார் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். திருமுறைகளைத் தொகுத்துத் தந்த நம்பியாண்டார் நம்பி பிறந்த ஊர் இது.

அவர் சிறுவனாக இருந்தபோது, அர்ச்சகரான அப்பா வெளியூர் போகவேண்டி வந்தது. பூஜைப் பொறுப்பு பிள்ளையிடம் வந்தது. நைவேத்தியம் வைத்தால் பிள்ளையார் சாப்பிடுவார் என்று நம்பியிருந்த அந்தப் பிஞ்சு, படையலை முன்னே வைத்துக் காத்திருந்தது. பிள்ளையார் சாப்பிடவில்லை. ‘நான் ஏதோ தவறு செய்துவிட்டேன்’ என்று அழுதது. தலையை முட்டிக்கொள்ளத் துணிந்தது. பிள்ளையார் தடுத்து, நைவேத்தியத்தை உண்டு அருளினார் என்பது வரலாறு.

பிள்ளையாரின் கருணையைச் சொல்லும் கதை இது. நமக்கு இன்னொன்றையும் சொல்கிறது. சுவாமியின் பெயரால் பெரியவர்கள் எதைச் சொன்னாலும் குழந்தை அப்படியே நம்பிவிடும். ‘சாமி சாப்பிடுவார்’ என்றால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று நம்பும். அத்தனை சுத்தமான நம்பிக்கை!

அந்த நம்பிக்கையிடம்தான், நாம் செய்த பொம்மையைக் காட்டி ‘இது நீ செய்தது’ என்கிறோம். தான் செய்தது உருண்டை என்பது அதற்குத் தெரியும். அம்மாவோ வேறொன்றைக் காட்டிப் புகழ்கிறாள். அப்படியானால் என் உருண்டை எங்கே? அது பிடிக்கவில்லையா? இந்தக் கேள்வியைக் கேட்க அதற்கு வார்த்தை வராது. ஆனால், மனசில் தங்கும். முதன்முதலாகச் சுவாமிக்கென்று செய்த காரியத்திலேயே ஒரு பொய்யைக் கலந்துவிடலாமா?

கை பிடிப்பது வேறு!

‘விஜயதசமி அன்று நெல்லில் எழுதும்போது குழந்தையின் கையைப் பிடித்து நாம்தானே எழுத வைக்கிறோம்? அது மட்டும் சரியா?’ என்று ஒரு சகோதரி கேட்கலாம். நல்ல கேள்வி! பூந்தோட்டம் அருகே கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் அன்று பார்த்தால் தெரியும், எத்தனை எத்தனை பிஞ்சு விரல்கள் பெரியவர்களின் கைக்குள் அடங்கியிருக்கின்றன என்று.

கை பிடிப்பது வேறு, கைக்குப் பதிலாகச் செய்வது வேறு. நெல்லில் எழுதும்போது குழந்தையின் விரல் நகர்கிறது. நெல்லின் சொரசொரப்பை அதுவே உணர்கிறது. கண் முன்னால் எழுத்து பிறக்கிறது. நம் கை வழிகாட்டுகிறது, அவ்வளவுதான். குழந்தை போன பிறகு ரகசியமாகத் தும்பிக்கை ஒட்டுவதில் அந்தக் குழந்தையே இல்லையே!

1939-ல் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தை தன் கையால் செய்து பார்த்தே வளர்கிறது, பெரியவர்கள் உதவலாமே தவிர அதற்குப் பதிலாகச் செய்துவிடக் கூடாது என்பது அவர் கல்விமுறையின் சாரம். நம் புலவர்களும் இதை அறிந்தவர்கள்தானே? பிள்ளைத்தமிழில் கைகொட்டும் சப்பாணிக்கு ஒரு பருவம். சிறுபறை கொட்ட ஒரு பருவம். சிறுதேர் உருட்ட ஒரு பருவம். குழந்தையின் கை செய்வதை எல்லாம் பாட்டாக்கி, அதைத் தெய்வத்துக்கே ஏற்றிச் சொன்ன மரபு நம்முடையது!

எப்படித் தயார் செய்யலாம்?

தயாரிப்பு வேண்டாம் என்பதல்ல. குழந்தை தானே முடிக்கக்கூடிய வேலையாகத் தேர்ந்தெடுப்பதுதான் தயாரிப்பு.

கோகுலாஷ்டமிக்கு நாம் கையை மடக்கி மாவில் ஒற்றிக் கண்ணன் பாதம் போடுகிறோம். வாண்டுக்கு அந்தச் சிரமம் எதற்கு? அதன் பாதமே கண்ணன் பாதம்தான்! அரைத்த அரிசி மாவில் காலை நனைத்து, விரித்த பழைய துணியில் கைபிடித்து நடத்துங்கள். ஈரத்தில் வழுக்கும், கவனம்.

பிள்ளையாருக்கு வர்ணம் பூசாத களிமண் போதும். குன்றிமணிக் கண் மட்டும் வேண்டவே வேண்டாம். குன்றிமணி விஷத்தன்மை உள்ளது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குழந்தையின் விரல் நுனியால் இரண்டு குழி வைத்தால் அதுவே கண்!

நவராத்திரிக்கு ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவச் செய்யுங்கள். தினமும் தண்ணீர் தெளிப்பது குழந்தையின் வேலை. சில நாளில் முளைவிடும். கொலுவுக்குப் பசுமையான பார்க் தயார். காத்திருந்தால் கிடைக்கும் என்ற பாடமும் தயார். சுண்டலை மட்டும் முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மசித்துக் கொடுங்கள்.

கார்த்திகைக்கு ஏற்றாத அகல் விளக்குகளை வரிசையாக அடுக்கட்டும். ஏற்றுவது பெரியவர்கள் பொறுப்பு.

இன்னொன்று. குழுவில் வேற்று மதத்துக் குழந்தைகளும் இருப்பார்கள். மண் பிசைவதும் விதை தூவுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆனந்தம். வணங்குவது அவரவர் வீட்டு வழக்கம். அந்த அம்மாக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

உருண்டையை உருண்டையாகவே வீட்டுக்கு அனுப்புங்கள். ‘நீ பண்ணின பிள்ளையார்’ என்று உண்மையாகச் சொல்லுங்கள். பூஜையில் வாங்கிய பிள்ளையாருக்குப் பக்கத்தில் அதையும் வைத்து, ஒரு அருகம்புல் சார்த்துங்கள். தன் கையால் செய்ததைச் சுவாமி ஏற்றுக்கொண்டார் என்று அந்த முகம் மலரும் பாருங்கள், எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

‘பிள்ளையார் பிடிக்கப்போய் குரங்காக முடிந்ததே’ என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். பிள்ளையாரில் தொடங்கி ஆஞ்சநேயரில் முடிப்பதுதானே நம் பூஜை மரபு!