நாமும் நாங்களும்

"ஏஞ்சாமி, நம்ம பக்கத்துல மண்ணு வாங்கிட்டுப் போனாங்களே, அதுல ஓட்டிப் பழகுன வண்டிதான இது?"

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை மாலை. சந்திரயான்-3இன் லேண்டர் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் ஒரு பச்சைக் கோட்டின் மேல் சின்னப் புள்ளி நகர்ந்தது. அம்மாவுக்கு அந்தக் கோடு புரியவில்லை. மண் புரிந்தது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடக்கும் வெள்ளைப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். நிலவின் வெளுத்த மேட்டுநிலங்களும் அதே வகைப் பாறைதான். நிலவில் ஓட வேண்டிய வண்டியை ஓட்டிப் பார்க்க அதைப் போன்ற மண் வேண்டும் என்று இஸ்ரோ தேடியபோது, இங்கிருந்து சுமார் 50 டன் போனது. பாறையை நொறுக்கி, நிலவுத் தூசியின் பருமனுக்கு அரைத்து, பெங்களூரில் பரப்பினார்கள். அந்தக் கற்கள் கிடக்கும் காட்டோரம் ஆடு மேய்த்து வளர்ந்தவள் அம்மா.

6.04க்கு லேண்டர் தரையைத் தொட்டது. யூடியூபில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேலானோர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். "நாம ஜெயிச்சிட்டம்" என்று எதிர்வீட்டுப் பையன் கத்திக்கொண்டு ஓடினான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

அன்று இரவு படுத்த பிறகு அந்த 'நாம' என்னை விடவில்லை.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். சின்ன வயதில் இலக்கண வகுப்பில் இதை ஒரு மார்க் கேள்வியாகப் படித்ததோடு சரி. வாயைத் திறக்கும்போதெல்லாம் எதிரே நிற்பவர் உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேசுகிறோம் என்பது அன்றுதான் உறைத்தது. எதிர்வீட்டுப் பையனின் 'நாம' எங்கள் தெருவுக்கு, மிஞ்சிப் போனால் நாட்டுக்கு. அவன் எதிரே ஒரு ரஷ்யர் நின்றிருந்தால் அதே வாக்கியத்தை 'நாங்க' என்றுதான் தொடங்கியிருப்பான்.

ரஷ்யரை நினைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு நான்கு நாள் முன்பு, ஆகஸ்ட் 19 அன்று, ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி நொறுங்கியிருந்தது. சுற்றுப்பாதையை மாற்ற 84 விநாடி எரிய வேண்டிய எஞ்சின் 127 விநாடி எரிந்துவிட்டது. 1976இல் போன லூனா-24க்குப் பிறகு அந்த நாடு நிலவுக்கு அனுப்பிய முதல் கலம் அது. செய்தி வந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. முந்திக்கொள்ளப் பார்த்தார்கள், விழுந்தார்கள் என்று ஒருவர் எழுதினார். இனி தென்துருவப் பக்கம் நாம்தான் முதல் என்று இன்னொருவர். நான் எதுவும் எழுதவில்லை. ஆனால் எனக்குள்ளும் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. பந்தயத்தில் பக்கத்து ஓட்டக்காரன் இடறி விழுந்தால் வரும் சந்தோஷம். அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனமில்லை.

லூனா விழுந்த செய்தியை அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அடப் பாவமே. எத்தன பேரு எத்தன வருசம் பாடுபட்டிருப்பாங்க" என்றாள். அவ்வளவுதான். பிறகு கீரையைத் தொடர்ந்தாள். ஆரியபட்டாவை 1975இல் விண்ணுக்கு ஏற்றிவிட்டது சோவியத் ராக்கெட் என்பதோ, ராகேஷ் சர்மா 1984இல் போனது அவர்கள் கலத்தில் என்பதோ அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு வராத இரக்கம் தெரியாத அவளுக்கு எப்படி வந்தது என்பதைத்தான் இன்றுவரை யோசிக்கிறேன். வெள்ளாமை பொய்த்துப்போன வீட்டை அவள் பல முறை பார்த்திருக்கிறாள். கடைசி வாரத்தில் காற்றில் சாய்ந்த வாழைத்தோப்பு யாருடையது என்று பார்த்து அவள் வருந்தியதில்லை.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் இதே வேதனை நமக்கு வந்தது. சந்திரயான்-2இன் லேண்டரான விக்ரம் தரைக்குச் சில கிலோமீட்டர் இருக்கும்போது பாதை விலகி, தொடர்பு அறுந்தது. அன்று இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான சிவன். அவர் உடைந்து அழுததைப் பார்த்து நாடே கூட அழுதது. அப்போது பாகிஸ்தானின் அறிவியல் அமைச்சராக இருந்த ஃபவாத் சவுத்ரி அந்தத் தோல்வியைக் கேலி செய்து எழுதினார். அது எவ்வளவு சுட்டது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, சந்திரயான்-3 இறங்குவதற்கு முந்தைய நாள், அதே ஃபவாத் சவுத்ரி பாகிஸ்தான் ஊடகங்கள் இந்தக் காட்சியை நேரலையில் காட்ட வேண்டும் என்றும், இது மனித குலத்துக்கே வரலாற்று நேரம் என்றும் எழுதினார். இடையில் அவர் மனதில் என்ன நடந்ததென்று ஆராய எனக்கு விருப்பமில்லை. ஒரு மனிதர் 'நாங்கள்' என்பதிலிருந்து 'நாம்' என்பதற்கு நடந்து வர முடியும் என்பது எனக்குப் போதும். அதே வாரத்தில்தான் நாங்கள் லூனாவைப் பார்த்துச் சிரித்தோம்.

இந்த 'நாம்' ஒரு தடவை உலக அளவுக்கு விரிந்திருக்கிறது. அப்போலோ-11 திரும்பி வந்த பின், 1969இன் இறுதியில் அந்த மூவரும் உலகைச் சுற்றி வந்தார்கள், பம்பாய்க்கும் வந்தார்கள். மைக்கேல் காலின்ஸ் பின்னாளில் அந்தப் பயணத்தை நினைவுகூர்ந்தபோது ஒன்றைச் சொன்னார். எந்த ஊருக்குப் போனாலும் மக்கள் 'அமெரிக்கர்களாகிய நீங்கள் சாதித்துவிட்டீர்கள்' என்று சொல்லவில்லையாம்; மனிதர்கள் எல்லோருமாகச் செய்து முடித்ததாகவே பேசினார்களாம். ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு தமிழர் நின்று காலின்ஸின் முகத்தைப் பார்த்து அதைத் தமிழில் சொல்லியிருந்தால் 'நாம்' என்றுதான் சொல்லியிருக்க முடியும். வேறு சொல் அங்கே பொருந்தாது.

ஆனாலும் அந்த 'நாம்' எல்லோரையும் உள்ளே விட்டுவிடவில்லை. அப்போலோ-11 கிளம்புவதற்கு முந்தைய நாள், பாதிரியார் ரால்ஃப் அபர்நாதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளையும் கூட்டிக்கொண்டு ஏவுதளத்தின் வாசலுக்கு வந்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் அவர். பசித்த பிள்ளைகள் இருக்கும் நாட்டில் இந்தச் செலவு எப்படி நியாயம் என்று கேட்டார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து தூறலில் நின்றபடி அவருடன் பேசினார். இந்தப் பயணத்தை நிறுத்தினால் வறுமை தீரும் என்றால் நிறுத்திவிடுவோம் என்று சொல்லி, அந்தக் குடும்பங்களில் சிலரை ஏவுதலைப் பார்க்க வரவழைத்தார். மறுநாள் ராக்கெட் எழும்பியதைப் பார்த்து அபர்நாதியும் மெய்சிலிர்த்துப்போனார். அதற்காகத் தன் கேள்வியை அவர் திரும்பப் பெறவில்லை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்தன.

சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். 'அந்தக் காசுல எங்கூருக்கு ரோடு போட்டிருக்கலாம்' என்று எங்கள் டீக்கடையில் ஒருவர் சொன்னபோது அவரை மடக்க எல்லோரும் கிளம்பினார்கள், நான் உட்பட. வானிலைச் செயற்கைக்கோள், மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை என்று அடுக்கினோம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இப்போது படுகிறது. 'இந்த நாமில் நான் இருக்கிறேனா' என்று கேட்டார் அவர். நாங்கள் பயன்களின் பட்டியலை நீட்டினோம்.

பயத்திலும் இதே வட்டம்தான். 2025 பிப்ரவரியில், 2024 ஒய்ஆர்4 என்ற விண்கல் 2032இல் பூமியைத் தாக்க 3 சதவீதத்துக்குச் சற்று அதிக வாய்ப்பு இருப்பதாகக் கணக்கு வந்தது. விழக்கூடிய பாதையில் இருக்கும் நகரங்கள் என்று மும்பை, கொல்கத்தா, டாக்கா, லாகோஸ் பெயர்கள் செய்திகளில் சுற்றின. நான் முதலில் தேடியது சென்னையை. இல்லை என்றதும் மூச்சு விட்டேன். சில நாளில் புதிய அளவீடுகள் வந்து பூமிக்கான ஆபத்து ஏறக்குறைய இல்லாமல் போனது. அந்த மூச்சு மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. லாகோஸில் ஒருவர் அதே பட்டியலை எப்படிப் படித்திருப்பார்?

நம்முடையது என்று நாம் சொல்லும் விக்ரமையே பாருங்கள். சந்திரயான்-2இன் நொறுங்கிய துண்டுகளைக் கண்டுபிடித்தவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அவர் இரவுகளில் உட்கார்ந்து தேடியது நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் எடுத்துப் பொதுவில் வைத்திருந்த படங்களில். சந்திரயான்-3இன் லேண்டரான புதிய விக்ரமின் மேல் நாசா கொடுத்த சின்ன லேசர் எதிரொளிப்பான் இருக்கிறது. 2023 டிசம்பரில் அந்தச் சுற்றுக்கலம் லேசரைப் பாய்ச்சியபோது, செயலிழந்து கிடந்த நம் விக்ரமிலிருந்து ஒளி திரும்பி வந்தது.

'நம்ம மண்ணு' என்ற அம்மாவின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கல் இல்லாமல் அவளுக்கு நிலவுச் செய்தியே எட்டியிருக்காது. ஊர் வழியாகத்தான் அவள் உள்ளே வந்தாள். வந்தவள் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடவில்லை.

2024 ஆகஸ்டில், இறங்கி ஓராண்டு ஆகும் சமயத்தில், நிலவில் ஓடிய வண்டியான பிரக்யான் அளந்ததன் முடிவுகள் வெளியாயின. ஏறக்குறைய 100 மீட்டர் ஊர்ந்து 23 இடங்களில் மண்ணைச் சோதித்திருந்தது. தென்துருவப் பக்கமும் அனார்த்தோசைட் வகை மண்தான். நிலவு பிறந்த காலத்தில் அதன் மேற்பரப்பு முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது. எதற்காகப் போனோமோ அதற்கான பதிலில் ஒரு பகுதி அது. யாரும் வெடி வெடிக்கவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று ஒரு கல்யாணப் பத்திரிகை மட்டும் வந்திருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். கல்லெல்லாம் கடலாக உருகிக் கிடந்தது, கனமானது அடியில் போய்விட்டது, லேசான வெள்ளைக் கல் மிதந்து மேலே வந்து பால் ஆடை கட்டுவது போல் இறுகிவிட்டது என்று.

"அப்ப நம்மூருக் கல்லும் அப்பிடி மெதந்து வந்துதானா?"

"இல்லம்மா. இது பூமிக்குள்ளயே குழம்பு ஆறி உண்டானது. 250 கோடி வருசம் ஆச்சு. நெலாக் கல்லு அதைவிட ரொம்ப மூப்பு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பின்னால் மாடு கத்துவது கேட்டது.

"ஏங்கண்ணு, அந்த ரசியாக்காரங்க மறுக்கா அனுப்பறாங்களா?"

"திட்டம் வெச்சிருக்காங்கம்மா. இன்னும் சில வருசம் ஆகும்."

"அனுப்பறப்பச் சொல்லு" என்றாள். "பாக்கோணும்."