வெளியில் தந்த வாக்கும் வீட்டுச் சட்டமும்

பல நாடுகள் கூடிய அவையில் ஓர் அரசு தந்த வாக்கு, அந்நாட்டின் எளிய குடிமகனுக்குப் பயன்படுமா? இவ்வினா சட்ட அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. அமரவிளையிலும் பாறசாலையிலும் வாழைக்கோ தறிக்கோ கடன்பட்டு வாழும் குடும்பங்களுக்கும் உரியது.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 1966-இல் ஏற்றது. ஒப்பந்தக் கடனைத் தீர்க்க இயலாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு எவரையும் சிறையிடலாகாது என்பது அதன் 11-ஆம் ஷரத்து. இந்தியா 1979-இல் அதில் சேர்ந்தது. நமது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவோ, நீதிமன்றம் தீர்ப்பளித்த கடனைக் கட்டாதவரைச் சில நிபந்தனைகளோடு சிறையிட இடமளிக்கிறது. தீர்ப்புக்குப் பின் எப்போதோ கையில் பொருள் இருந்து, இன்று வெறுங்கையோடு நிற்பவரின் கதி யாது?

கேரளத்திலிருந்து சென்ற கொச்சி வங்கி வழக்கில், 1980-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். உடன்படிக்கை தானாகவே நாட்டுச் சட்டம் ஆகிவிடாது என்றார் அவர். ஆயினும், உயிரையும் தனி மனித உரிமையையும் காக்கும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் ஷரத்தோடும், அவ்வுடன்படிக்கையோடும் இணங்கவே பழைய பிரிவுக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்றார். ஆகவே வறுமை சிறைக்குக் காரணமாகாது; பொருளிருந்தும் தீய எண்ணத்தோடு மறுப்பவரே அதற்குரியர் என்பது தெளிவாயிற்று.

அயலார் கூடி எழுதியதற்கு நாம் ஏன் செவிசாய்க்க வேண்டும் எனச் சிலர் வினவலாம். அந்த வாக்கைத் தந்தது நம் அரசே. உடன்படிக்கைக் கடமைகளை மதிக்க முயலுமாறு பணிப்பது நம் அரசியல் சட்டத்தின் 51-ஆம் ஷரத்தே. ஆனால் அரசாங்கத்தின் கையெழுத்து மட்டுமே சட்டத்தை மாற்றிவிடுமாயின், மக்கள் தேர்ந்த நாடாளுமன்றம் எதற்கு? ஆகவேதான் உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சட்டமியற்றும் அதிகாரத்தை 253-ஆம் ஷரத்து நாடாளுமன்றத்திற்கு அளித்தது. இந்த இடைவெளி நியாயமானதே. அதனை வாக்குத் தவறுவதற்குச் சாக்காக்குவதே அறமன்று. விகாரத்தில் ஏற்ற சீலத்தை வீட்டில் கைவிடுவோனைச் சீலவான் என்போமா?

கடனின்மையை இல்லறத்தார்க்குரிய இன்பங்களுள் ஒன்றாக அநாதபிண்டிகருக்குப் பகவன் உரைத்தார். கடனைத் தீர்ப்பது கடமையே; தீர்க்க வழியற்றவரைக் கூண்டிலடைப்பது நீதியாகாது. நெடுஞ்சாலையில் களியக்காவிளையைத் தாண்டினால் மாநிலம் மாறும், ஆட்சிமொழியும் மாறும். இந்தக் காவல் மாறாது. கடனுக்கு அஞ்சி ஒடுங்கும் அயலார்க்கு இதனை எடுத்துரைப்பது நம் கடனாகும்.